உன் தெள்ளும் என் தெள்ளும்

அஹ்வென்புரோ,
20 ஜனவரி 1985

ஹில்க்கா,

அன்புள்ளன்னு ஆரம்பிக்க இந்தத் தடவை மனசு வரல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வெக்மான் என்னைத் தன்னோட அறைக்குக் கூப்பிட்டு காபி ஊத்திக் குடுத்தார். அப்பவே ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு. அந்த மனுஷன் சும்மா யாருக்கும் காபி ஊத்த மாட்டார். மேசை மேல ஒரு தாளைத் தள்ளி, "உங்க தங்கச்சி எழுதினதுதான், படிங்க"ன்னார். நீர் நீதிமன்றத்துக்கு உங்க மாவட்டச் சோதனைக்கூடம் அனுப்பின அறிக்கை. "ஆலை ஆய்வுக்கூடத்தின் முடிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல." கீழே உன் கையெழுத்து, முத்து முத்தா.

ஆலை ஆய்வுக்கூடம்னா யாருடீ? ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, என் தெள்ளுப் புட்டிங்க, அப்புறம் நான். அவ்வளவுதான். கூடப்பிறந்தவளைப் பத்தி இப்படி எழுதறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?

எட்டு வருஷமா நான் என்ன பண்றேன்னு உனக்கே தெரியும். ஆலையில இரும்பு வாளியையும் வேலிக் கம்பியையும் துருப்பிடிக்காம இருக்க துத்தநாகத் தொட்டியில முக்கி எடுத்து அலசின தண்ணி ஓடைக்குப் போகுது. மாசா மாசம் அதுல ஒரு குடுவை எடுத்து, அன்னிக்குப் பொறந்த நீர்த்தெள்ளுக் குஞ்சுகளை, அந்தக் கடுகளவு தண்ணிப் பூச்சிகளை, உள்ள விட்டு, ரெண்டு நாள் காத்திருந்து, குடுவையை லேசா சுழட்டிப் பாக்கறேன். துள்ளி நீந்துச்சுன்னா தண்ணியில குத்தமில்ல. என் குஞ்சுங்க ஒரு தடவை கூட அடியில படுத்ததில்ல. இதுல நம்பத்தகாதது என்ன இருக்கு?

மார்ச்சுல விசாரணை. ரெண்டாவது துத்தநாகத் தொட்டிக்கு அனுமதி கிடைச்சா ஊர்ப் பசங்க வேலைக்கு வெளியூர் போக வேண்டியதில்ல. கிடைக்கலன்னா இருக்கற தொட்டிக்கே ஆபத்துன்னு பேசிக்கறாங்க. அந்தத் தொட்டிக்கு ஃபோர்மேன் யாருன்னு உனக்கு ஞாபகமிருக்கா? உங்க அத்தான் ஆர்மாஸ்தான். அவருக்கு இன்னும் இந்தத் தாள் விஷயம் தெரியாது. போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்துல இருக்கறதாலதான் எழுதறேன். நீயும் போன் பண்ணாதே, எழுது.

ராகேல்


யோயென்சூ,
25 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன்.

அந்த வாக்கியத்தை எழுதும் முன் மூன்று முறை சோதித்தேன். ஒரே புட்டித் தண்ணீரைத்தான் பாதி நீ எடுத்துக்கொண்டாய், பாதி எனக்கு வந்தது. உன்னுடையவை எல்லாம் நீந்தின. என்னுடையவை எல்லாம் அடியில் கிடந்தன. சுத்தமான தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்த பிறகும் அப்படித்தான். இரண்டும் சரியாக இருக்க முடியாது.

கூடப்பிறந்தவளின் பெயர் அந்த அறிக்கையில் இல்லை. வேண்டுமென்றேதான் ஆய்வுக்கூடம் என்று எழுதினேன்.

உன்னிடம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். குஞ்சுகள் அன்றைக்குப் பிறந்தவைதானா, இல்லை வளர்ந்தவையா? சோதனையின்போது தீனி போடுகிறாயா? புட்டியை உன் கையாலேயே நிரப்புகிறாயா, இல்லை ஆலையிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறார்களா? வெக்மான் உன்னிடம் எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

கோபப்படாமல் பதில் எழுது. ஓடையின் கீழே ஏரிக்கரையில் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் வில்யோவை உனக்குத் தெரியும். போன வசந்தத்திலும் அதற்கு முந்தைய வசந்தத்திலும் அவருடைய குஞ்சுகள் செத்து மிதந்தன. ஆலை மேல் அவர் புகார் கொடுத்தபோது, உன் முடிவுகளைக் காட்டித்தான் அதைத் தள்ளிவிட்டார்கள். விசாரணைக்கு அவரும் வருகிறார்.

ஹில்க்கா


அஹ்வென்புரோ,
30 ஜனவரி 1985

ஏண்டீ, போலீஸ்காரி,

தீனி போடறியாவாம்! வெக்மான் சொன்னாராவாம்! "நீ காசு வாங்கினியா"ன்னு நேரா கேட்டிருந்தா கூட இவ்வளவு வலிச்சிருக்காது. உன் ஆபீஸ் பாஷையில கேட்டே பாரு, அதுதான் சுருக்குன்னு தைக்குது.

கேட்டுக்க. குஞ்சு அன்னிக்குப் பொறந்ததுதான். தீனி கிடையாது. புட்டியை நானே ஓடை வாயில குனிஞ்சு நிரப்பறேன். போன வாரம் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிக் கெடக்குது, வந்து பாரு. வெக்மானுக்குத் தெள்ளுக்கும் கொசுவுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்னொண்ணு. நீங்களே எல்லா ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு ஆரஞ்சு உப்பு அனுப்பறீங்களே, தெள்ளு ஒழுங்கான தெள்ளுதானான்னு பாக்கறதுக்கு, அதுல என் குஞ்சுங்க புஸ்தகத்துல போட்டிருக்கற அளவுல கச்சிதமா சாகுது. சாக வேண்டியதுல சாகுது, சாக வேண்டாததுல சாகல. இதுக்கு மேல என்ன வேணும்?

உன் தெள்ளுங்கதான் நோஞ்சான். நகரத்துல வெச்சு வளத்தா அப்படித்தான் இருக்கும். என்னோடதுங்க எப்படின்னு தெரியுமா? ஆரம்பிச்ச வருஷக் குளிர்காலத்துல முக்கால்வாசி செத்துப் போச்சு. அழுதேன். மீதி பொழச்சுது பாரு, அதுலேர்ந்து பெருகினதுதான் இன்னிக்கு இருக்கற அத்தனையும். ஆம்பளைன்னு ஒண்ணு இல்லாமலே அம்மாவும் பொண்ணும் பேத்தியுமா புட்டி நெறைஞ்சு கிடக்குதுங்க. முதுகு வழியா பாத்தா இதயம் துடிக்கறது தெரியும். ஒவ்வொண்ணும் என் கையில வளந்தது.

இப்ப ஒரு பந்தயம். இந்த வியாழக்கிழமை பஸ்ல என் தெள்ளுங்களை ஃப்ளாஸ்க்ல அனுப்பறேன். டிரைவர் ரெய்னோ தன் சீட்டுக்குப் பக்கத்துல ஹீட்டர்கிட்ட வெச்சுக்கறேன்னு சொல்லியிருக்கார், உறையாது. நீயும் உன் நோஞ்சான்களை அதே பஸ்ல திருப்பி அனுப்பு. என்னோடது உன் கையில, உன்னோடது என் கையில. ஆலைத் தண்ணி உங்கிட்டயும் மீதி இருக்கு, எங்கிட்டயும் இருக்கு. அப்பத் தெரியும் யார் தப்புன்னு. தோத்தா அந்த வாக்கியத்தை நீ அடிக்கணும்.

ராகேல்


யோயென்சூ,
6 பிப்ரவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

ஃப்ளாஸ்க் வந்தது. ரெய்னோ அதைத் தன் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். "உங்க அக்கா வழியெல்லாம் குலுக்காதேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பொய் சொல்லவில்லை. உன் தெள்ளுகள் என் மேசையில், என் கண் முன்னால், ஆலைத் தண்ணீரில் இரண்டு நாளும் நீந்தின. பக்கத்துக் குடுவையில் என்னுடையவை செத்துக் கிடந்தன. அந்தக் கேள்விகளை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

ஆனால் அக்கா, எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே இனம், ஒரே வயது, ஒரே தண்ணீர். ஒன்று சாகிறது, ஒன்று சாகவில்லை. ஏன் என்று தெரியாமல் அந்த வாக்கியத்தை என்னால் அடிக்க முடியாது.

இன்னொன்றும் நடந்தது. ஃப்ளாஸ்கில் நீ ஊற்றி அனுப்பிய தண்ணீர் கொஞ்சம் மீதி இருந்தது, உன் தெள்ளுகள் வளர்ந்த தண்ணீர். அதைக் கொட்டப் போனவள், என்ன தோன்றியதோ, என்னுடைய குஞ்சுகள் சிலவற்றை அதில் விட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையில் அத்தனையும் அடியில். ஆலைத் தண்ணீரில் கூட அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

அது எந்தத் தண்ணீர் அக்கா?

ஹில்க்கா


அஹ்வென்புரோ,
11 பிப்ரவரி 1985

ஹில்க்கா,

மன்னிச்சுட்டேன். ஆனா நீ தோத்ததை ஒத்துக்காம இப்ப என் தண்ணி மேல பழி போடறே. அது இந்த ஊர்லயே சுத்தமான தண்ணி, தெரிஞ்சுக்க.

குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு, தெள்ளு தாங்காது. ஏரித் தண்ணியை எடுத்தா ஆலைக்குக் கீழ இருக்கற ஏரின்னு நீங்களே குத்தம் சொல்வீங்க. அதனால ஆரம்பத்துலேர்ந்தே எங்க சௌனாக் குளியல் குடிசைக் கூரையில விழற மழைத் தண்ணியைத்தான் பிடிக்கறேன். இந்த ஊர்ப் பொம்பளைங்க சனிக்கிழமை நீராவியில குளிச்சுட்டு வந்து தலைக்கு ஊத்திக்கறதும் அதைத்தான். முடி பட்டு மாதிரி இருக்கும். இலையுதிர் காலத்து மழையைத் தொட்டியில பிடிச்சு நிலவறையில வெச்சுட்டா வசந்தம் வரைக்கும் தாங்கும். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போட்டா தெள்ளுக்கு ஓடு கட்டும். உங்க ஆபீஸ்ல எவளாவது இவ்வளவு மெனக்கெடுவாளா?

உன் தெள்ளுங்க பஸ் குலுக்கல்ல ஏற்கெனவே அரை உயிராத்தான் வந்துச்சுங்க. அதுதான் காரணம்.

மேல இருக்கறதை எழுதி ரெண்டு நாளாச்சு. கவரை ஒட்டாம வெச்சிருந்தேன். மீதியையும் எழுதிடறேன்.

நீ அனுப்பின தெள்ளுல கொஞ்சத்தை என் மழைத் தண்ணியில விட்டேன். உன்னை மடக்கறதுக்காகத்தான் விட்டேன். கொஞ்சத்தைப் பக்கத்து வீட்டு சிர்க்காவோட கிணத்துத் தண்ணியில விட்டேன். கிணத்துல விட்டது சமையலறை ஜன்னல்ல துள்ளிக்கிட்டு இருக்கு. மழைத் தண்ணியில விட்டது எல்லாமே போச்சு. குலுக்கல் ரெண்டுக்கும் ஒண்ணுதானே. குடுவையை சுழட்டினேன், திரும்பவும் சுழட்டினேன். ஒண்ணு கூட எந்திரிக்கல.

எனக்குப் புரியல. உனக்குப் புரிஞ்சா எழுது. கிண்டல் பண்ணாம எழுது.

ராகேல்

தொட்டித் தண்ணி ஒரு புட்டி ரெய்னோகிட்ட குடுத்திருக்கேன்.


யோயென்சூ,
18 பிப்ரவரி 1985

அக்கா,

புரிந்துவிட்டது. கிண்டல் பண்ணவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

உன் மழைத் தண்ணீரில் துத்தநாகம் இருக்கிறது. சிறிதளவு இல்லை, ஆலை அலசிவிடும் தண்ணீருக்குச் சமமாக இருக்கிறது. நம்ப முடியாமல் இன்னொரு கருவியிலும் பார்த்தேன்.

உன் சௌனாக் கூரை என்ன தகடு? துத்தநாகம் பூசின ஆலைத் தகடு. மழை வழியும் தகரக் குழாய்? ஆலைக் குழாய். நிலவறையில் இருப்பது உன் கல்யாணத்துக்கு ஆலை பரிசாகக் கொடுத்த தொட்டிதானே? அஹ்வென்புரோவில் கல்யாணம் ஆகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுப்பார்களே. மொள்ளுகிற வாளியும் அதேதான். மழைநீர் மென்மையானது, துத்தநாகத்தைக் கரைத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் தொட்டியில் நின்றால் கேட்கவே வேண்டாம். மனுஷத் தலைமுடியை அது ஒன்றும் பண்ணாது. தெள்ளுக்கு விஷம்.

முதல் குளிர்காலத்தில் முக்கால்வாசி செத்துப்போனது என்று எழுதியிருந்தாய். அவை சாகும்படி இருந்தது உன் தண்ணீர். பிழைத்தவை துத்தநாகத்தைத் தாங்கத் தெரிந்தவை. அவற்றின் மகள்கள், பேத்திகள் எல்லாம் அதே ஜாதி. நீ தெரியாமலேயே துத்தநாகத்துக்குப் பழகின தெள்ளாகப் பொறுக்கி எடுத்து எட்டு வருஷம் வளர்த்திருக்கிறாய். ஆரஞ்சு உப்பு வேறு விஷம், அதற்கு அவை பழகவில்லை, அதனால் அதில் சரியாகச் சாகின்றன. அதனால்தான் எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

துத்தநாக ஆலையின் தண்ணீரைத் துத்தநாகம் உறைக்காத தெள்ளை வைத்துச் சோதித்திருக்கிறோம். உன் மேல் தப்பில்லை அக்கா. ஊரிலேயே சுத்தமான தண்ணீர் என்று எல்லாரும் நம்பியதைத்தான் நீயும் எடுத்தாய். நான் உன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

விசாரணை 15 மார்ச். இதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நாம் பேச வேண்டும்.

ஹில்க்கா


அஹ்வென்புரோ,
24 பிப்ரவரி 1985

ஹில்க்கா,

உன் கடிதத்தை ஆர்மாஸ் படிச்சுட்டார். நான் ஒளிச்செல்லாம் வைக்கல, மேசை மேலயே விட்டுட்டு அப்படியே ஜன்னல்கிட்ட போய் நின்னுட்டேன். அவர் எடுத்துப் படிச்சார், மடிச்சார், வெச்சார். கோட்டை மாட்டிக்கிட்டு ஏரிக்குப் போயிட்டார். ஐஸ்ல ஓட்டை போட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு ஒரு மீன் கூட இல்லாம வந்தார். அன்னிலேர்ந்து பேச்சு கிடையாது. சாப்பாட்டு மேசையில உப்பு வேணும்னா கூட எழுந்து வந்து எடுத்துக்கறார். இன்னிக்கு ஏலக்காய் பன் சுட்டேன். தொடல.

திட்டினாலாவது பதில் சொல்லலாம். இது என்னைக் கொல்லுது.

நேத்து வெக்மான் கூப்பிட்டார். இந்தத் தடவை காபி இல்ல. "விசாரணையில உங்க முடிவுகளை நீங்களே படிக்கணும் ராகேல், நம்ம பக்கம் இருக்கறது அது ஒண்ணுதான்"ன்னார். தலையாட்டிட்டு வந்தேன். என்ன பண்ணச் சொல்றே?

நான் உங்கிட்ட இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். விட்டுடு. விசாரணை முடியட்டும். அடுத்த வாரமே என் தெள்ளு அத்தனையும் கொட்டிட்டு உன் தெள்ளை வெச்சு ஆரம்பிக்கறேன், கிணத்துத் தண்ணியில. முதல் சோதனையிலயே சாகும், நானே வெக்மான்கிட்ட காட்டறேன், உள்ளுக்குள்ளயே சரிபண்ணிக்குவாங்க. யாருக்கும் வேலை போகாது. எட்டு வருஷமா தப்புத் தப்பா எழுதினவள்னு கடையில வரிசையில நிக்கும்போது என் முதுகுக்குப் பின்னால பேச மாட்டாங்க.

உன் பேரைப் போட்டு நீ சாட்சி சொன்னா, அக்காவைத் தங்கச்சியே பிடிச்சுக் குடுத்தாள்னு ஊர் சொல்லும். அதுக்கப்புறம் நாம எப்படிடீ ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கறது?

ராகேல்


யோயென்சூ,
2 மார்ச் 1985

அக்கா,

ஒரு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சேன். இது நாலாவது தாள். ஆபீஸ் பாஷையில எழுத வரல, விட்டுட்டேன்.

எங்க சட்டத்துல ஒரு வழி இருக்கு. ஆலைப் பக்கம் உறவுக்காரி இருந்தா நான் இந்த வழக்குலேர்ந்து ஒதுங்கிக்கலாம். ஒதுங்கினா நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையையும் எடுத்துடுவாங்க. வேற ஆள் புதுசா சோதிக்கறதுக்குள்ள விசாரணை முடிஞ்சுடும். மழைத் தண்ணி விஷயம் உனக்கும் எனக்கும் அத்தானுக்கும்தான் தெரியும். நேத்து அந்த விண்ணப்பத்தை எழுதிட்டேன். திங்கக்கிழமை குடுக்கறேன்.

உனக்காகத்தான் பண்றேன். நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். கேவலமா இருக்கு. போன வாரம் வில்யோ எங்க ஆபீஸுக்கு வந்தார். தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார். "அம்மா, இந்தத் தடவையாவது யாராவது உண்மையைச் சொல்வாங்களா, இல்ல பண்ணையை வித்துட்டுப் போகட்டுமா?"ன்னு கேட்டார். நான் குனிஞ்சு தாளைப் புரட்டற மாதிரி நடிச்சேன். இந்த வசந்தத்துக்குக் குஞ்சு விட கடைசியா ஒரு தடவை கடன் வாங்கியிருக்காராம்.

உள்ளுக்குள்ளயே சரிபண்ணிக்குவாங்கன்னு எழுதியிருக்கே. ரெண்டாவது தொட்டிக்கு அனுமதி கையில வந்த பிறகு எவன் அக்கா சரிபண்ணுவான்? உனக்கே தெரியும். தெரிஞ்சுதான் கேட்டே. எனக்குத் தெரிஞ்சுதான் நானும் சரின்னேன்.

அத்தான்கிட்ட சொல்லிடு. இனிமே உப்பைக் கேட்டு வாங்கிக்கட்டும்.

ஹில்க்கா


அஹ்வென்புரோ,
7 மார்ச் 1985

ஹில்க்கா,

படிச்சேன். ஒதுங்கிடு. பதினஞ்சாம் தேதி இந்தப் பக்கம் வராதே. போனும் பண்ணாதே. மீதியை நான் பாத்துக்கறேன்.

ராகேல்


அஹ்வென்புரோ,
17 மார்ச் 1985

என் அன்பு ஹில்க்கா,

ரேடியோவுல கேட்டிருப்பே, இல்ல ரெய்னோ சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயாலயே சொல்றேன்.

நீ ஒதுங்கறேன்னு எழுதின கடிதம் வந்த அன்னிக்கு எனக்கு நிம்மதியா இருந்துச்சு, மறைக்கல. காபி போட்டுக் குடிச்சேன். அப்பத்தான் ஜன்னல்ல இருந்த உன் தெள்ளுங்களைப் பாத்தேன். கிணத்துத் தண்ணியில அதுங்க குஞ்சு போட்டிருந்துச்சு. அன்னிக்குப் பொறந்தது. ஹில்க்கா, எட்டு வருஷமா அன்னிக்குப் பொறந்த குஞ்சைப் பாத்தா என் கை தானா குடுவையைத் தேடும். ஓடைத் தண்ணி கொண்டுவந்து விட்டேன். ஏன் விட்டேன்னு கேட்டா சத்தியமா தெரியாது. கண்ணு முன்னாடி பாக்கணும்னு இருந்துச்சு. நீ சொன்னதையும், கருவி சொன்னதையும் வெச்சு தெரிஞ்சுக்கறது ஒண்ணு, என் கையால குடுவையை சுழட்டிப் பாக்கறது வேற.

செத்துச்சு. ரெண்டு நாளைக்குள்ள எல்லாம் செத்துச்சு. தண்ணி சுத்தி நின்ன பிறகு அதுங்க அடியில ஒரு பக்கமா ஒதுங்கிக் கெடந்துச்சு. மத்தியானம் ஆலைக்குப் போனேன். எங்க முறைப்படி, சோதனை போட்டா முடிவைப் பதிவேட்டுல எழுதியாகணும். எழுதினேன். "நீந்தவில்லை." இதுவரைக்கும் நான் எழுதாத வார்த்தை. எழுதிட்ட பிறகு அதை எடுத்துட்டு பழசைப் படிக்க என்னால முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. உனக்குச் சொல்லல. சொன்னா நீ கிளம்பி வந்து முன்னாடி நின்னுருப்பே. இது என் வேலை. என் தெள்ளு, என் தொட்டி, என் தப்பு. நான்தான் சொல்லணும்.

ஊர்க் கூட்டமெல்லாம் நடக்கற தீயணைப்பு மன்றத்துல விசாரணை. ஊரே இருந்துச்சு. மூணு நீதிபதிங்க, வெக்மான், அவர் வக்கீல், கடைசி வரிசையில வில்யோ. ஆலை ஆளுங்க ஒரு பக்கமா, தொட்டியில வேலை பாக்கறவங்க எல்லாரும் ஒரே வரிசை, நடுவுல உங்க அத்தான். காலையில கூட என்கிட்ட பேசாமத்தான் வந்தார். தனித்தனியா நடந்து வந்தோம்.

என்னைக் கூப்பிட்டாங்க. "முடிவுகளைப் படிங்க"ன்னார் வக்கீல். நான் படிக்கல. மழைத் தண்ணியைச் சொன்னேன். கூரை, தொட்டி, வாளி, முதல் குளிர்காலம், கிணத்துத் தண்ணிக் குஞ்சு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன். வெக்மான் மூஞ்சி ரத்தம் செத்துப் போச்சு. வக்கீல் எழுந்தார். "அம்மா, எட்டு வருஷம் ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு வேற சொல்றீங்க. எது பொய்?"ன்னார். "பொய் எதுவும் இல்ல. எட்டு வருஷம் தப்பு, இன்னிக்கு சரி"ன்னேன். "தங்கச்சி சொல்லிக் குடுத்தாங்களா?"ன்னார். "அவ என்னைக் காப்பாத்தறதுக்கு ஒதுங்கிட்டா. நான்தான் வந்து நிக்கறேன்"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. உனக்கு ஆபீஸ்ல ஏதாவது வந்தா என்னைத் திட்டிக்க.

பின்னாலேர்ந்து ஒருத்தன் "உன் புருஷனும் நம்ம கூடத்தானே சோறு திங்கறான்!"னு கத்தினான். இன்னொருத்தன் எழுந்து வெளியே போனான். அந்த வரிசையில ஒவ்வொருத்தனா எழுந்து போனான். பலகையில பூட்ஸ் சத்தம். நான் தரையையே பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் போயிட்டாங்க, அவரும் போயிருப்பார்னு நெனச்சேன். நிமிந்து பாக்க பயமா இருந்துச்சு.

ரெண்டாவது தொட்டி இல்லன்னு ஆயிடுச்சு. இருக்கற தொட்டியோட அலசல் தண்ணியும், சுத்திகரிப்புக்கு ஏதாவது கட்டற வரைக்கும் ஓடைக்குப் போகக் கூடாதுன்னு உத்தரவு. அதனால திங்கக்கிழமையிலேர்ந்து ஆலை மூடறாங்க. எப்பத் திறப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. சிர்க்கா இன்னிக்குக் கிணத்துக்குப் போன என்னைப் பாத்துட்டு மூடியைப் போட்டுப் பூட்டிட்டா. வில்யோ மட்டும் மன்ற வாசல்ல கையைக் குடுத்தார். ரொம்ப நேரம் கையை விடல. நாங்க வர்ற சனிக்கிழமை ரெய்னோ பஸ்ல உன் வீட்டுக்கு வர்றோம், கொஞ்ச நாள் இருப்போம். ரெண்டு பேரும்தான். படுக்கையைத் தட்டிப் போடு.

இனிமேதான் சொல்ல வந்ததைச் சொல்றேன். முதல்லயே எழுத வரல, அதான் இவ்வளவு சுத்தினேன்.

எல்லாரும் போன பிறகு தலைமை நீதிபதி கேட்டார், "வேற யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?"ன்னு. காலி வரிசை நடுவுலேர்ந்து ஒரு நாற்காலி நகர்ற சத்தம். நிமிந்து பாத்தேன். உங்க அத்தான் எழுந்து நிக்கறார். நீதிபதி, "பேரையும், ஆலையில என்ன பொறுப்புன்னும் சொல்லுங்க"ன்னார்.

"ஆர்மாஸ் ஹுர்ஸ்கைனென்"ன்னார். என் பக்கம் திரும்பினார். "ராகேலோட புருஷன்."

நீதிபதி திரும்பவும், "ஆலையில என்ன பொறுப்பு?"ன்னார்.

"சொல்றேன். தெனமும் அந்த வால்வைத் திறந்து தண்ணியை ஓடைக்கு விடறவன் நான். தெள்ளு செத்ததுக்கு அவளை மட்டும் நிக்க வெச்சுக் கேக்காதீங்க. என்னையும் கேளுங்க."

மூணு வாரமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுஷன், ஹில்க்கா. ஃபோர்மேன்னு சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் எதிர்பாத்தாங்க. பேரு சொன்னதும் அடுத்ததா என் புருஷன்னுதான் சொன்னார்.

உன் அக்கா
ராகேல்